துப்பாக்கி கழுவிய தண்ணீர்

தாம்பரத்தில் நான் குடியிருக்கும் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். மின்சாரக் கெட்டிலில் நாலு நாள் தொடர்ந்து தண்ணீர் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தேன். தனியாள் வீடு, சுரண்ட வேறு ஆள் கிடையாது. ஒரு சிட்டிகை வந்தது. அதை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். உப்பளத்தில் வேலை பார்த்தவனுக்கு வெள்ளையாக எதைக் கண்டாலும் நாக்கு நீளும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அதிலிருக்கும் உப்பெல்லாம் போய்விடும் என்று ஒரு காலத்தில் மனதார நம்பிய ஒரு மகா புத்திசாலியை எனக்குத் தெரியும். அன்றைக்கு முழுக்க அவனையேதான் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் புத்திசாலி நான்தான்.

2004-இல் மரக்காணத்துக்குப் போனேன். ஓர் உப்பள முதலாளியிடம் சூப்பர்வைசர் வேலை. பெயர்தான் சூப்பர்வைசர். செய்த வேலை, பாத்திக் கரையில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. என் ஊர் திருவண்ணாமலைக்கு அந்தப் பக்கம், கடலை அதற்கு முன் இரண்டே முறை பார்த்தவன். தங்குவதற்கு உப்பளத்து ஓரத்திலேயே ஒரு ஷெட் கொடுத்தார்கள். ஆட்கள் விடியும் முன்பே வந்து உப்பை வாரிக் குவித்துவிட்டு, வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு நானும் உப்பும்தான். மத்தியான வெயிலில் உப்பளத்தை நீங்கள் பார்த்ததுண்டா? கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. மூடினால் தூக்கம் வரும், தூங்கினால் பொழுது போய்விடும், எழுந்தால் பேச ஆளிருக்காது. வேலையாட்கள் என்னிடம் பேசாததற்கும் காரணம் உண்டு. நான் முதலாளியின் ஆள். நான் கிட்டப் போனால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் முழுக்க நான் வாயைத் திறந்து சொன்ன ஒரே சொல் டீக்கடையில் "சக்கரை கம்மியா" என்பதாக இருந்திருக்கிறது.

அந்த டீக்கடையில்தான் ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போய் எழுதிக் கொடுத்தேன். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு 'சமூக சேவை' என்றேன். சுத்தப் பொய். வாரத்துக்கு ஒரு தடவையாவது நாலு பேருக்கு நடுவில் நிற்கலாமே என்ற ஆசைதான். மற்றவர்கள் துணை வேண்டுமென்றால் கல்யாணம் செய்துகொள்வார்கள், நான் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டேன். ஆனால் அங்கேயும் எல்லாரும் உள்ளூர்ப் பையன்கள், எக்கியார்குப்பத்திலிருந்தும் சுற்று வட்டத்திலிருந்தும் வந்து ஒன்றாகவே சுற்றுகிறவர்கள். பரேடு முடிந்ததும் தோளில் கை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். என்னை 'உப்பளத்தாரு' என்பார்கள். என் பெயரே அவர்களுக்குத் தெரியாது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது துப்பாக்கிக்கு வருகிறேன். துப்பாக்கி சுடுவது காசுள்ளவன் விளையாட்டு. கிளப்பில் சேர வேண்டும், லைசென்ஸ் வேண்டும், தோட்டா வாங்க வேண்டும். எனக்கோ வருடத்துக்குப் பத்து தோட்டா இலவசமாகக் கிடைத்தது, கூடவே ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம். த்ரீ நாட் த்ரீ என்று சொல்வார்களே, அந்தப் பழைய ரைபிள். தோட்டாவும் பழசு. பட்டாளத்தில் வேண்டாமென்று கழித்தது போலீசுக்கு வரும், போலீசும் கழித்தால் எங்களுக்கு வரும். எங்களுக்கு அடுத்து யாரும் இல்லாததால் நாங்கள் அதைச் சுட்டே ஆக வேண்டும். பித்தளை கறுத்து, சிலது பச்சைக் களிம்பு ஏறி, துடைத்துப் பார்த்தால் அடிப்பாகத்தில் செய்த வருடமும் தொழிற்சாலையின் எழுத்தும் வட்டமாகப் பொறித்திருக்கும். ஒரே பெட்டியில் நாலைந்து காலத்துத் தோட்டாக்கள் கலந்து கிடக்கும்.

அந்தத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் பொறுப்பாக ஆயுதப்படையிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வருவான். ஜாஃபர். மரக்காணத்துக்காரன், என் வயதுதான், முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தான். பழைய தோட்டாவில் ஒரு சிக்கல் உண்டு. விசையை இழுத்தால் 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும், வெடிக்காது. உடனே திறந்து பார்த்துவிடக் கூடாது. உள்ளே மருந்து யோசித்துக்கொண்டிருக்கும். துப்பாக்கியை மண்மேட்டைப் பார்த்தபடியே பிடித்துக்கொண்டு முப்பது எண்ண வேண்டும். முதல் வருடம் எனக்கு அப்படி ஆனது. பக்கத்தில் குந்தியிருந்த ஜாஃபர் சத்தமாக எண்ண ஆரம்பித்தான். ஏழாவது எண்ணில் வெடித்தது. என் தோள்பட்டை கழன்றுபோனது மாதிரி இருந்தது. எனக்கு மூஞ்சியில் ஈயாடவில்லை.

"பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கூப்ட்டா லேட்டாத்தான் திரும்புவாரு" என்றான் ஜாஃபர்.

நான் சிரித்துவிட்டேன். மரக்காணம் வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சுட்டு முடித்ததும் தோட்டாக்களின் வெற்றுக் குப்பிகளை மண்ணில் தேடிப் பொறுக்கி, பத்துப் பத்தாக அடுக்கி, ஒன்றுகூடக் குறையாமல் ஒப்படைக்க வேண்டும். ஒன்றை ஞாபகமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஜாஃபர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "வச்சிக்கோ. கூடவே என் பேட்ஜையும் எடுத்துக்கினு போ" என்றான். பிறகு அவனே ஒரு வழி சொன்னான். சின்ன வயதில் காசைப் பேப்பருக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்போமே, அது மாதிரி குப்பியின் அடியையும் எடுத்துக்கொள்ளலாமே என்று. அப்படித்தான் நான் தோட்டா சேகரிக்கிறவன் ஆனேன், ஒரு தோட்டாகூட இல்லாமல். ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில். ஜாஃபர் குப்பிகளைத் துடைத்துத் துடைத்துக் கொடுப்பான், நான் தேய்ப்பேன். ஒவ்வொன்றுக்கும் அவன் ஓர் உறவுமுறை வைத்திருந்தான். "இவரு எங்க அத்தாவுக்கு மூத்தவரு. இவரு நமக்குச் சித்தப்பா வயசு. இது சின்னப் பையன், தள்ளி வை." சுதந்திரத்துக்கு முந்தைய வருடம் போட்ட குப்பி ஒன்று கிடைத்த நாள் அவன் என் ஷெட்டுக்கு வந்து அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். எந்தச் சண்டைக்காகச் செய்தார்களோ, கடைசியில் மரக்காணத்து மண்மேட்டில் வந்து வெடித்திருக்கிறது என்றான்.

அதற்குப் பிறகு அவன் அடிக்கடி ஷெட்டுக்கு வர ஆரம்பித்தான். நோட்டைப் புரட்டுவோம், டீ குடிப்போம். எனக்கு அது போதும். சாயங்காலம் அவனுடைய சைக்கிள் பாத்திக் கரை மேல் வருகிறதா என்று நான் ஒரு பைத்தியக்காரன் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பேன். வந்தால் அப்போதுதான் தற்செயலாக வெளியே வந்தவன் போல நடிப்பேன்.

ஜாஃபரின் அண்ணன்கள் மூன்று பேரும் வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். அவன் ஒருவன்தான் போகமாட்டேன் என்று போலீசில் சேர்ந்தவன். அவனுடைய அப்பாவுக்கு, அவன் வாயில் அத்தாவுக்கு, அது பெரிய குறை. ஷார்ஜாவில் மாமாவின் மளிகைக் கடையில் இடம் காத்திருக்கிறது, இங்கே துருப்பிடித்த துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கிறானே என்று. கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். ஆயுதங்களைப் பழுது பார்க்கும் ஆர்மரர் கோர்ஸ் ஒன்று இருந்தது. அதற்கு அனுப்பினால் அவனுக்கு மரியாதையான வேலை, அவன் இங்கேயே இருக்கலாம். அனுப்பாவிட்டால் ஷார்ஜா. அவனுடைய பொறுப்பில் இருக்கும் ரைபிள்களை அதிகாரி வந்து பார்த்துத்தான் முடிவு செய்வார். "துப்பாக்கிக் கொழா மட்டும் கண்ணாடி மாதிரி இருந்துச்சின்னா போதும், இன்ஷா அல்லாஹ் நான் எங்கியும் போவமாட்டேன்" என்பான். அவன் போகக் கூடாது என்று அவனைவிட நான் அதிகமாக வேண்டிக்கொண்டேன். எனக்கிருந்த ஒரே ஆள் அவன்.

பழைய தோட்டாவைப் பற்றி அவன் சொன்ன இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுட்டதும் அந்த மருந்து குழலுக்குள் ஒருவகை உப்பைப் படியவிடுமாம். கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் போட்டாலும் போகாது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் குழலைத் தின்றுவிடும். அதற்கு ஒரே வைத்தியம், சுட்ட அன்றைக்கே கொதிக்கக் கொதிக்க நல்ல தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, பிறகு எண்ணெய்த் துணி இழுப்பது. "உப்பு ஊர்ல உப்பால கெட்டுது நம்ம பொழப்பு" என்று சிரிப்பான்.

மரக்காணத்தில் நல்ல தண்ணீர் என்றால் என்னவென்று வெளியூர்க்காரருக்குப் புரிவது கஷ்டம். டிராக்டரில் வரும் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் கைப்பம்பில் வரும், உப்புக் கரிக்கும் சவர் தண்ணீர். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அதில்தான். நல்ல தண்ணீரில் எவனாவது கால் கழுவினால் அவனை ஊரே ஒரு மாதிரி பார்க்கும். போய் ஒரே வருடத்தில் எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது. கழுவுவது என்றால் கை தானாகக் கைப்பம்பைத்தான் தேடும்.

சுனாமி வந்து போன மறு வருடம், கத்திரி வெயிலில் எங்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி வைத்தார்கள். உப்பு எடுக்காமல் விட்டுவிட்ட ஒரு பாத்தியின் கரையை மண் கொட்டி உயர்த்தி, சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். இடம் என் ஷெட்டுக்குப் பக்கம். அதனால் ஜாஃபர் முந்தின நாளே என்னிடம் வந்தான். "எனக்கு ரெண்டு கொடம் நல்ல தண்ணி வோணும்பா. கொழா கழுவ. உன்னத்தான் நம்பியிருக்கறேன்." நான் டிராக்டருக்குக் காத்திருந்து, சண்டை போட்டு, இரண்டு குடம் பிடித்து வைத்தேன். காலையில் அவற்றை மைதானத்துக்குத் தூக்கிப் போய் ஒரு பனையோலைத் தட்டி நிழலில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

படைக்கென்று கொண்டு வந்த குடிதண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. முதலில் ஒரு பையன் வந்தான். "அண்ணே, ஒரு டம்ளர்" என்றான். அதுவரை என்னை உப்பளத்தாரு என்றவன். கொடுத்தேன். அடுத்து இரண்டு பேர். "அண்ணே, நீங்க எந்த ஊரு?" என்று ஒருவன் கேட்டான். சொன்னேன். "உங்க பேரு இன்னாண்ணே?" என்றான். அதையும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் வேடிக்கையாக ஏதோ சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். யாரிடம் இல்லை என்று சொல்வது? சொல்லத்தான் வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் டம்ளரை நீட்டி அண்ணே என்று ஒருவன் கூப்பிடும்போது என் வாயில் கொழுக்கட்டை. மத்தியானம் குடத்தைச் சாய்த்துப் பார்த்தபோது அடியில் ஒரு கை தண்ணீர்கூட இல்லை.

ஜாஃபர் அந்தப் பக்கம் குப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தான். நான் இரண்டு குடங்களையும் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். டிராக்டர் இனி மறுநாள்தான் வரும். ஊருக்குள் போய்க் கேட்டிருந்தால் யாராவது கொடுத்திருப்பார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கழுவத்தானே என்று ஒரு நினைப்பு. கொதிக்கத்தானே போகிறது, உப்பெல்லாம் போய்விடும் என்று இன்னொரு நினைப்பு. கைப்பம்பை அடித்து இரண்டு குடத்தையும் நிரப்பினேன். பெரிய சட்டியில் ஊற்றி அடுப்பு மூட்டினேன்.

அது கொதிப்பதற்குள் ஜாஃபர் வந்து ஷெட் வாசலில் பத்து ரைபிள்களையும் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தான். புனலைச் செருகிக்கொண்டே கேட்டான்:

"நல்ல தண்ணிதானே?"

"ஆமாப்பா."

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் மூஞ்சியே காட்டிக்கொடுத்திருக்கும். பத்து குழல்களிலும் ஆவி பறக்க ஊற்றினான். நான் சட்டியிலிருந்து மொண்டு மொண்டு கொடுத்தேன்.

ஒன்பதாவது நாள் அதிகாரி வந்தார். நாங்கள் வரிசையில் நின்றோம். அவர் ஒரு ரைபிளை எடுத்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். பிறகு அடுத்தது. ஏழு குழல்களில் செம்மண் தூவியது போலத் துரு. அவர் கத்தவில்லை. ஜாஃபரைக் கூப்பிட்டு, நீயே பார் என்று கொடுத்தார். ஜாஃபர் பார்த்தான். அவன் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் நினைக்க முடிவதில்லை. ஓரடி முன்னால் வைத்து, ஐயா, தண்ணீர் கொண்டு வந்தது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். விறைப்பாக நின்றேன். அன்றைக்கு என்னைவிட ஒழுங்காக அட்டென்ஷனில் நின்றவன் எவனும் இல்லை.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அடுத்த மூன்று சாயங்காலமும் ஜாஃபர் என் ஷெட்டில்தான் இருந்தான். எங்கே தப்பு நடந்தது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். எண்ணெய் கலப்படமா, துணி ஈரமா, கடல்காற்றா, காயவிட்டது போதாதா, தோட்டா மருந்தே வேறு மாதிரியா? ஒவ்வொன்றாக எடுத்து அலசினான். தண்ணீரை மட்டும் அவன் எடுக்கவில்லை. நான் டீ போட்டுக் கொடுத்தேன், நல்ல தண்ணீரில். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன். சொன்னால் இவன் இனி வரமாட்டானே என்று மூடிக்கொள்வேன். எப்படிப்பட்ட அயோக்கியத்தனம் பாருங்கள். அவனை இழக்கக் கூடாது என்றே அவனை இழந்துகொண்டிருந்தேன்.

"மெமோவுக்கு இன்னா எழுதின?" என்று கடைசியில் கேட்டேன்.

"நல்ல தண்ணிதான் ஊத்தினேன், நானே பாத்து ஊத்தினேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"நீ பாத்தியா?"

"நீ சொன்னே இல்ல. அப்புறம் நான் வேற பாக்கணுமா?"

கோர்ஸுக்கு வேறு ஒருவனை அனுப்பினார்கள். ஜாஃபரின் அத்தா ஷார்ஜாவுக்குப் போன் போட்டார். 2006 தொடக்கத்தில் வேலையை ராஜினாமா செய்துவிட்டு அவன் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டில் அவன் வீட்டார் பதினைந்து பேர் நின்றார்கள். இன்றைக்காவது சொல்லிவிடுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். திண்டிவனம் பஸ் வந்து நின்றது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "ஒண்டியா கெடக்காதப்பா. நாலு பேர்கூடப் பேசு. எனக்கு லெட்டர் போடு" என்று முகவரிச் சீட்டைச் சட்டைப் பையில் திணித்தான். நான் தலையை ஆட்டினேன். பஸ் வழியிலிருக்கும் பெருமுக்கல் ஊரைத் தாண்டியிருக்கும் நேரம்வரை அங்கேயே நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன்.

லெட்டர் எழுத உட்கார்ந்தேன். எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. அன்புள்ள ஜாஃபர், அன்றைக்குத் தண்ணீர் என்று ஆரம்பிப்பேன். அதற்கு மேல் கை ஓடாது. அந்த வருடம் மழை ஆரம்பித்ததும் உப்பள வேலையை விட்டுவிட்டேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், அவ்வளவுதான் சாமான். யாரிடமும் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அச்சு எடுத்த நோட்டு ஷெட்டிலேயே கிடந்து கரையானுக்குப் போயிருக்கும். முகவரிச் சீட்டு எந்த வீடு மாற்றும்போது தொலைந்தது என்பதும் நினைவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பாண்டிச்சேரிக்குப் போன வழியில் மரக்காணத்தில் இறங்கினேன். மண்மேடு இருந்த இடத்தில் இறால் பண்ணை, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஷெட் இல்லை. கைப்பம்பு இருந்த இடத்தையும் கண்டுபிடிக்க முடியவில்லை. த்ரீ நாட் த்ரீ ரைபிள்களையெல்லாம் திருப்பி வாங்கிவிட்டதாக ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒருவர் சொன்னார். ஜாஃபர் வீட்டுத் தெருவுக்குப் போனேன். அவன் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி, வேறு யாரோ. எதிரே ஒரு கடை. கடைக்காரப் பாயிடம் கேட்டேன்.

"ஜாஃபரா? அவங்க அத்தா மவுத்தானதுக்கு அப்புறம் வீட்ட வித்துட்டாங்க. இப்ப பொண்டாட்டி புள்ளைங்களோட அங்கியே இருக்கறாரு. இங்க வர்றதில்ல." என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க யாரு?"

"உப்பளத்துல சூப்பர்வைசரா இருந்தேன். அவரோட சிநேகிதன்."

"அட, நீங்கதானா?" கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்தார். "லீவுல வந்தப்பல்லாம் உங்களத்தான் கேட்டாரு. மூணு தடவ கேட்டாரு. உப்பளத்துல போய் விசாரிச்சாரு, உங்க முதலாளி வீட்டுக்கும் போனாரு. நீங்க எங்க போனீங்கன்னு எங்க யாருக்கும் தெரியல. தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்?"

"எதுக்குத் தேடினாருன்னு சொன்னாரா?"

"அதெல்லாம் சொல்லல. அந்த ஆளு ஒண்டியா இருப்பாரு, யாராச்சும் பாத்துக்கணும்னு மட்டும் சொல்வாரு."

ஒரு பிஸ்கட் அட்டையைக் கிழித்து அதில் என் செல்போன் எண்ணை எழுதி அவரிடம் கொடுத்தேன். ஜாஃபரின் எண் அவரிடம் இல்லையாம், எப்போதாவது அவனிடமிருந்து போன் வந்தால் கொடுங்கள் என்றேன். அவர் அதை எலக்ட்ரிக் மீட்டருக்குப் பின்னால் செருகி வைத்தார். இந்த எண்ணுக்கு வீட்டுக்குள் சிக்னல் சரியாக இருப்பதில்லை, இதை விட்டுவிட்டு வேறு எண் வாங்கு என்று ஆபீசில் எல்லாரும் சொல்கிறார்கள். நான் பால்கனியில் நின்றே பேசிக்கொள்கிறேன்.